மனத்தை அளந்த மேதை ஆல்பிரட் பினே

தேர்வுத் தாள்கள் திருத்தித் தரப்படும் நாளில் வகுப்பறையில் நிலவும் அமைதியை நாம் எல்லோரும் அறிவோம். ஒருத்தியின் முகம் மலர்கிறது. இன்னொருத்தி தாளை நான்காக மடித்துப் புத்தகத்துக்குள் ஒளித்து வைக்கிறாள். மாலையில் வீடு சேர்ந்ததும் முன்னவளுக்குக் கெட்டிக்காரி என்ற பட்டமும், பின்னவளுக்கு மக்கு என்ற பட்டமும் தவறாமல் கிடைத்துவிடுகின்றன. அறிவு என்பது உண்மையில் என்ன? அதை அளக்க இயலுமா? அளந்தால் அந்த அளவு வாழ்நாள் முழுவதும் மாறாதா? இவ்வினாக்களை வெறும் வாய்ப்பேச்சாக விட்டுவிடாமல், ஆய்வுக் கூடத்துக்கும் வகுப்பறைக்கும் கொண்டு சென்று விடை தேடியவர் பிரெஞ்சு நாட்டு அறிஞர் ஆல்பிரட் பினே. உளவியல் என்னும் இளம் கலையின் முதற்பாடங்கள் பலவற்றை அவர் வாழ்க்கையைப் படித்தாலே கற்றுக்கொள்ளலாம்.

இளமையும் கல்வியும்

பினே 1857ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் மத்தியதரைக் கடலோர நகரமான நீஸில் பிறந்தார். அந்நகரம் அப்போது சார்டினிய அரசைச் சேர்ந்திருந்தது. 1860இல்தான் பிரான்சோடு இணைந்தது. தந்தையார் மருத்துவர், தாயார் ஓவியர். பெற்றோர் பிரிந்து வாழ நேர்ந்ததால், ஒரே பிள்ளையான பினே தாயின் அரவணைப்பிலேயே வளர்ந்தார். பின்னர்த் தாயும் மகனும் பாரிஸ் மாநகருக்குக் குடிபெயர்ந்தனர். அங்கு லூயி லெ கிரான் என்னும் புகழ்பெற்ற பள்ளியில் அவர் பயின்றார்.

மாணவப் பருவத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சி அவர் நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது. வாய்மொழித் தேர்வொன்றில் கிரேக்க மெய்யறிஞர் ஒருவரின் பெயரை அவர் தவறாகச் சொல்லிவிட்டார். அதற்காகத் தேர்வாளர், மெய்யியலுக்குரிய அறிவு உனக்கு ஒருநாளும் வாய்க்காது என்று தீர்ப்புக் கூறிவிட்டார். ஒருநாளும் என்ற அந்த ஒரு சொல் எவ்வளவு பெரிய சொல் என்பதைப் பல ஆண்டுகளுக்குப் பின் தாம் எழுதிய நூலில் பினே வருத்தத்தோடு நினைவுகூர்ந்தார்.

சட்டம் பயின்று 1878இல் பட்டம் பெற்றார். அத்தொழிலில் மனம் பற்றவில்லை. மருத்துவம் பயிலத் தொடங்கினார், அதையும் முடிக்கவில்லை. பாரிஸின் தேசிய நூலகமே அவருக்குக் கல்லூரியாயிற்று. நாள்தோறும் அங்கு அமர்ந்து உளவியல் நூல்களை ஒவ்வொன்றாகப் படித்தார். ஆசிரியர் இல்லை, வகுப்பு இல்லை, பட்டமும் இல்லை. இங்ஙனம் தாமே கற்றுத் தேர்ந்தவர்தாம் பிற்காலத்தில் ஒரு துறைக்கே முன்னோடியாக விளங்கினார்.

முதல் சறுக்கலும் முதல் பாடமும்

1883ஆம் ஆண்டு பினே, சால்பெத்ரியேர் மருத்துவமனையில் சேர்ந்தார். நரம்பு நோய் மருத்துவத்தில் ஐரோப்பா முழுவதும் பெயர் பெற்றிருந்த ஷார்கோ அங்குத் தலைவராக இருந்தார். நோயாளிகளை அறிதுயிலில் ஆழ்த்தி ஆராய்வது அவர் முறை. பினேயும் அவருடைய நண்பர் ஃபெரேயும் சேர்ந்து ஒரு வியப்பான செய்தியை வெளியிட்டனர். அறிதுயிலில் இருப்பவரின் உடலருகே காந்தத்தைக் கொண்டு சென்றால், வலப்பக்கத்து மரமரப்பு இடப்பக்கம் மாறிவிடும் என்பதும், ஒருவகை உணர்ச்சி அதற்கு நேர்மாறான உணர்ச்சியாகத் திரும்பிவிடும் என்பதும் அவர்கள் கண்டதாக நினைத்தவை.

பெல்ஜிய நாட்டு அறிஞர் தெல்பெஃப் இதைக் கேள்வியுற்று நேரில் காண வந்தார். ஆய்வாளர்கள் தாம் எதிர்பார்ப்பதை நோயாளியின் முன்னாலேயே உரக்கப் பேசிக்கொண்டிருந்ததை அவர் கவனித்தார். ஊர் திரும்பி, நோயாளி எதையும் முன்கூட்டி அறியாதபடி அதே சோதனையைச் செய்து பார்த்தார். காந்தத்தின் மாயம் மறைந்தது! ஆக, வேலை செய்தது காந்தம் அன்று; ஆய்வாளரின் சொல்லே. ஒருவர் சொல்லும் குறிப்பு மற்றொருவர் மனத்தில் புகுந்து அவர் உணர்வையும் செயலையும் மாற்றுவதை உளவியலார் கருத்தேற்றம் என்பர்.

சில காலம் வாதாடிய பினே இறுதியில் தம் தவற்றை ஒப்புக்கொண்டார். ஆராய்பவனின் எதிர்பார்ப்பே ஆராய்ச்சியைக் கெடுத்துவிடக்கூடும் என்ற எச்சரிக்கையை அவர் அதன்பின் மறந்ததில்லை.

வீடே ஆய்வுக்கூடம்

1884இல் பினே, கருவியல் அறிஞர் பல்பியானியின் மகளான லோர் என்பவரை மணந்தார். மத்லேன், அலீஸ் என்று இரு பெண் குழந்தைகள் பிறந்தனர். மருத்துவமனையை விட்டு விலகிய பினேக்கு அப்போது ஆய்வுக்கூடம் ஏதும் இல்லை. ஆனால் கண்முன்னே இரண்டு அற்புதமான மனங்கள் வளர்ந்துகொண்டிருந்தன. குறிப்பேடும் கையுமாக அவர் தம் மக்களைக் கவனிக்கத் தொடங்கினார். 1890இல் அந்தக் கவனிப்புகள் கட்டுரைகளாக வெளிவந்தன.

நடை பழகியதிலேயே இருவரும் வேறுபட்டனர். ஒருத்தி அடியெடுத்து வைக்குமுன் பிடித்துக்கொள்ள நாற்காலியோ மேசையோ இருக்கிறதா என்று பார்த்து, முழுக் கவனத்தோடு நடந்தாள். மற்றொருத்தி சிரித்துக்கொண்டே வெற்றிடத்தை நோக்கித் தள்ளாடி ஓடினாள். ஒரே தாய் வயிற்றில் பிறந்து ஒரே கூரையின்கீழ் வளர்ந்தாலும் இருவர் மனம் ஒன்றாயிராது. இதனையே தனியாள் வேறுபாடு என உளவியல் கூறுகிறது.

மற்றொரு சோதனையைப் பாருங்கள். நான்கு வயதுச் சிறுமியின் முன் சிறிய வில்லைகளை ஒரு குவியலாகவும், அவற்றைவிடப் பெரிய வில்லைகளை மற்றொரு குவியலாகவும் பரப்பி, எதில் அதிகம் என்று கேட்டார். எண்ணிக்கையில் குறைவாயினும் அதிக இடத்தை அடைத்துக்கொண்டிருந்த பெரிய வில்லைகளையே குழந்தை காட்டியது. குழந்தை எண்ணிக்கையைப் பார்க்கவில்லை, பரப்பைப் பார்த்தது. ஒரு பொருளின் பெயரைச் சொல்லி அது என்ன என்று கேட்டால், சிறு குழந்தைகள் அதன் பயனைச் சொல்வதையும் அவர் கண்டார். கத்தி என்றால் நறுக்குவதற்கு என்பதே அவர்கள் விளக்கம். குழந்தை சிறிய உருவில் உள்ள பெரியவர் அன்று. அதன் சிந்தனைக்குத் தனி வழி உண்டு. சுவிட்சர்லாந்து நாட்டு அறிஞர் பியாஜே பின்னாளில் விரிவாக ஆராய்ந்த இவ்வுண்மையின் விதைகள் பினேயின் குறிப்பேட்டிலேயே இருந்தன.

பெண்கள் இருவரும் வளர்ந்தபின் அவர்களுக்கு இருபது சொற்களை எழுதச் சொல்லியும், ஓர் இலையைக் காட்டி வருணிக்கச் சொல்லியும் பல நூறு சோதனைகள் நடத்தினார். ஒருத்தி கண்ணால் கண்ட வடிவையும் நிறத்தையும் துல்லியமாக எழுதினாள். மற்றொருத்தி கண்ட பொருளை விட்டுக் கற்பனையில் மிதந்தாள். யார் அறிவாளி? இருவருமே! இந்த ஆராய்ச்சிகள் 1903இல் நுண்ணறிவு பற்றிய ஒரு பெரிய நூலாக வெளிவந்தன.

நினைவும் கவனமும்

1891இல் பினே ஒரு புகைவண்டி நிலையத்தில் பேராசிரியர் போனியைத் தற்செயலாகச் சந்தித்தார். சொர்போன் பல்கலைக்கழகத்தில் போனி நிறுவியிருந்த உளவியல் ஆய்வுக்கூடத்தில் தமக்கு இடம் தருமாறு கேட்டார். இடம் கிடைத்தது, ஊதியம் கிடைக்கவில்லை. குடும்பச் சொத்து கைகொடுத்ததால் அவர் கவலைப்படாமல் உழைத்தார். சில ஆண்டுகளில் அதன் தலைவரானார். பூச்சிகளின் நரம்பமைப்பை ஆராய்ந்து 1894இல் அறிவியலில் முனைவர் பட்டமும் பெற்றார்.

அந்நாளில் மின்னல் வேகத்தில் கணக்கிடும் மனிதர்கள் இருவர் மக்களை வியப்பில் ஆழ்த்தி வந்தனர். ஒருவர் இத்தாலியில் சிறு வயதில் ஆடு மேய்த்த இனோடி. மற்றவர் கிரேக்கரான தியாமாந்தி. பினே இருவரையும் ஆராய்ந்தார். இனோடி எண்களைக் காதால் கேட்டே நினைவில் கொண்டார். அவர் மனத்தில் எண்கள் ஒலித்தன. தியாமாந்தியோ எண்களைத் தாளில் எழுதியதுபோல் மனக்கண்ணால் கண்டார். கண்ணைக் கட்டிக்கொண்டு சதுரங்கம் ஆடும் வல்லுநர்களையும் அவர் ஆராய்ந்தார். பலகையின் முழுப் படமும் அவர்கள் மனத்தில் பதிந்திருக்கும் என்று எண்ணியிருந்தார். பலருக்கோ அப்படிப்பட்ட தெளிவான படம் இல்லை. காய்களுக்கிடையே உள்ள உறவையும் ஆட்டத்தின் பொருளையுமே நினைவில் வைத்திருந்தனர்.

மாணவியரே, இதில் நமக்கொரு பாடம் உண்டு. நினைவு என்பது எல்லோருக்கும் ஒரே அச்சில் வார்த்த பெட்டி அன்று. உரக்கப் படித்தால் ஒருத்திக்குப் பதியும்; எழுதிப் பார்த்தால் மற்றொருத்திக்குப் பதியும். பொருள் புரிந்து படித்ததோ எல்லோருக்கும் நன்கு நிற்கும்.

கேள்வியும் ஒரு கயிறு

கருத்தேற்றத்தால் ஒருமுறை தடுமாறிய பினே, அதையே ஆராய்ச்சிப் பொருளாக்கி 1900இல் ஒரு நூல் எழுதினார். பள்ளிப் பிள்ளைகளுக்குச் சில கோடுகளை ஒவ்வொன்றாகக் காட்டினார். முதல் சில கோடுகள் வரவர நீண்டன. பிறகு வந்தவை யாவும் ஒரே நீளம். ஆயினும் பிள்ளைகள் பலர் அவையும் நீண்டுகொண்டே போவதாக வரைந்தனர்.

மற்றொரு சோதனையில் அட்டையில் சில பொருள்களை ஒட்டிச் சிறிது நேரம் காட்டினார். அவற்றுள் ஒரு பொத்தானும் இருந்தது. அது பசையால் ஒட்டப்பட்டிருந்தது. பின்னர்ச் சில பிள்ளைகளைப் பார்த்ததைச் சொல்லும்படி மட்டும் கேட்டார். வேறு சிலரிடம், பொத்தானைக் கட்டியிருந்த நூலைப் பற்றி வினவினார். தாமாகச் சொன்னவர்கள் குறைவாகச் சொன்னாலும் பெரும்பாலும் சரியாகச் சொன்னார்கள். நூலைப் பற்றிக் கேட்கப்பட்டவர்களில் பலர் இல்லாத நூலை இருந்ததாகவே சொன்னார்கள். பிள்ளை பொய் சொல்லவில்லை. கேள்வியே பொய்யை உள்ளே நுழைத்துவிட்டது! சன்னலை உடைத்தது யார் என்று விசாரிக்கும் ஆசிரியரும், நீதிமன்றத்தில் சிறுவரிடம் சாட்சியம் கேட்கும் வழக்கறிஞரும் இதனை நினைவில் கொள்வது நலம்.

இதே எச்சரிக்கை அவரை மற்றொரு மூடநம்பிக்கையிலிருந்தும் காத்தது. பெரிய தலையுடையவருக்கு அறிவும் பெரிது என்று அந்நாளைய அறிஞர் பலர் நம்பினர். பினேயும் அப்படியே நம்பி, அளவுகருவியோடு பள்ளி பள்ளியாகச் சென்று தலைகளை அளந்தார். முதல் மாணவனின் தலைக்கும் கடைசி மாணவனின் தலைக்கும் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர் அளவே வேறுபாடு இருந்தது. அந்தச் சிறு வேறுபாட்டையும் தம் எதிர்பார்ப்பே உண்டாக்கியிருக்குமோ என்று அவர் ஐயுற்றார். தலையை அளந்து அறிவைக் காணும் முயற்சியைக் கைவிட்டார்.

பின்தங்கிய பிள்ளைகளுக்காக

பிரான்சில் 1882ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆறு முதல் பதின்மூன்று வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் கல்வி கட்டாயமாயிற்று. ஏழை, செல்வர் என்ற வேறுபாடின்றி எல்லோரும் பள்ளிக்கு வந்தனர். அவர்களுள் எவ்வளவு முயன்றும் பாடத்தைப் பின்தொடர இயலாத பிள்ளைகளும் இருந்தனர். அவர்களை என்செய்வது? சிலர் அவர்களைப் பைத்தியக்கார மருத்துவமனைகளுக்கு அனுப்பிவிடலாம் என்றனர். பினே அங்கம் வகித்த குழந்தை உளவியல் சங்கமோ, அவர்களுக்குப் பள்ளியிலேயே தனி வகுப்பு வேண்டும் என்று அரசை வற்புறுத்தியது. 1904இல் கல்வி அமைச்சர் ஒரு குழுவை அமைத்தார். பினேயும் அதில் உறுப்பினரானார்.

உடனே ஒரு சிக்கல் எழுந்தது. எந்தப் பிள்ளைக்குத் தனி உதவி வேண்டும் என்பதை எப்படி அறிவது? ஆசிரியர் சொல்லை மட்டும் நம்பலாமா? குறும்பு செய்யும் பையனை வகுப்பிலிருந்து அகற்ற விரும்பும் ஆசிரியர் அவனை மந்தபுத்தி என்று எழுதிவிடலாம். மருத்துவர்களுக்குள்ளும் ஒற்றுமை இல்லை. ஒரே பிள்ளையைப் பற்றி ஒருவர் ஒன்றும் மற்றவர் வேறொன்றுமாக எழுதினர். ஒரு குழந்தையின் எதிர்காலம் இப்படித் தனிமனிதரின் விருப்பு வெறுப்பில் ஊசலாடுவதைப் பினேயின் மனச்சான்று ஏற்கவில்லை.

தியோடர் சிமோன் என்ற இளம் மருத்துவரின் துணையோடு அவர் 1905இல் முப்பது சிறு சோதனைகள் கொண்ட ஓர் அளவுகோலை வெளியிட்டார். எரியும் தீக்குச்சியைக் கண் பின்தொடர்கிறதா என்பது முதற் சோதனை. பிறகு படிப்படியாகக் கடினம் ஏறியது. சொன்ன எண்களைத் திருப்பிச் சொல்லுதல், கோடுகளை ஒப்பிடுதல், எடைகளை வரிசைப்படுத்துதல், ஈக்கும் வண்ணத்துப்பூச்சிக்கும் உள்ள வேறுபாட்டைக் கூறுதல், மூன்று சொற்களை வைத்து ஒரு வாக்கியம் அமைத்தல் என்று அவை சென்றன. பள்ளியில் மனப்பாடம் செய்தவற்றை அவர் கேட்கவில்லை. சூழ்நிலையைப் புரிந்துகொள்வது, நன்கு தீர்மானிப்பது, தன் தவற்றைத் தானே கண்டு திருத்திக்கொள்வது ஆகியவையே நுண்ணறிவின் உயிர்நாடி என்பது அவர் கருத்து.

1908இல் அவ்வளவுகோலைத் திருத்தி, மூன்று முதல் பதின்மூன்று வயது வரை வயதுவாரியாக அமைத்தார். மூன்று வயதுக் குழந்தை தன் மூக்கு, கண், வாய் ஆகியவற்றைத் தொட்டுக்காட்ட வேண்டும். ஐந்து வயதுக் குழந்தை ஒரு சதுரத்தைப் பார்த்து வரைய வேண்டும். நான்கு காசுகளை எண்ண வேண்டும். ஒரு படத்தைக் காட்டினால் மூன்று வயதுக் குழந்தை அதிலுள்ள பொருள்களின் பெயரை மட்டும் சொல்லும். ஏழு வயதுக் குழந்தை நடப்பதை வருணிக்கும். இன்னும் வளர்ந்த பிள்ளை படத்தின் பொருளை விளக்கும். எட்டு வயதுப் பிள்ளைகள் பெரும்பாலோர் செய்யக்கூடியதை ஒரு சிறுமி செய்துவிட்டால், அவள் பிறந்த ஆண்டு எதுவாயினும் அவளது மனநிலை அளவு எட்டு வயதினது. பின்னர் இதற்கு மனவயது என்ற பெயர் வழங்கலாயிற்று.

மனத்துக்கு உடற்பயிற்சி

அளந்ததோடு பினே நின்றிருந்தால் அவர் ஒரு நல்ல அளவையாளர் மட்டுமே. அவரை ஆசிரியராக்கியது அடுத்த படி. 1905இல் பாரிஸின் தொழிலாளர் வாழும் பகுதியில் இருந்த ஒரு தொடக்கப் பள்ளியில், தலைமையாசிரியர் வானேயின் துணையோடு, அவர் ஒரு கல்வி ஆய்வுக்கூடம் திறந்தார். பின்தங்கிய பிள்ளைகளுக்கு எழுத்தும் கணக்கும் கற்பிக்குமுன் கற்பது எப்படி என்பதையே கற்பிக்க வேண்டும் என்றார். கோணிய முதுகை நிமிர்த்த உடற்பயிற்சி இருப்பதுபோல், தளர்ந்த கவனத்தையும் நினைவையும் மன உறுதியையும் நிமிர்த்த மனப்பயிற்சி உண்டு என்பது அவர் கொள்கை.

அப்பயிற்சிகள் விளையாட்டுப் போலவே இருந்தன. ஆசிரியர் சைகை காட்டியதும் பிள்ளைகள் எல்லோரும் சிலைபோல் அசையாமல் நிற்க வேண்டும். முதல் நாள் ஒரே கூச்சலும் சிரிப்பும். சில நாள்களில் வகுப்பே சிலைக்கூடம்! பிறிதொரு பயிற்சியில் ஒன்பது பொருள்கள் வைத்த பலகையைச் சில நொடிகள் மட்டும் காட்டி மூடிவிடுவர். கண்டவற்றைப் பிள்ளைகள் நினைவிலிருந்து எழுத வேண்டும். ஒருமுறை அவ்வகுப்பைப் பார்வையிட வந்த நாடாளுமன்ற உறுப்பினர்கள் தாங்களும் முயன்று பார்த்தனர். பிள்ளைகள் அளவுக்குக்கூட அவர்களால் எழுத முடியவில்லை என்று பினே தம் நூலில் குறும்போடு குறிப்பிடுகிறார். நாள்தோறும் பழகிய பிள்ளையும் அன்றுதான் முயன்ற பெரியவரும் எப்படிச் சமமாவர்?

1909இல் அவர் குழந்தைகளைப் பற்றிய புதிய கருத்துகளைத் தொகுத்து ஒரு நூல் எழுதினார். ஒருவரின் அறிவு மாறாத அளவுடையது, அதைக் கூட்டவே இயலாது என்று சொல்லும் அவநம்பிக்கையை அதில் வன்மையாகக் கண்டித்தார். பயிற்சியும் ஊக்கமும் நல்ல முறையும் இருந்தால், கவனமும் நினைவும் தீர்மானிக்கும் ஆற்றலும் வளரும் என்றார். அதே ஆண்டு பிரான்சில் பின்தங்கிய பிள்ளைகளுக்கான சிறப்பு வகுப்புகளை ஏற்படுத்தும் சட்டமும் நிறைவேறியது.

1911இல் அளவுகோலின் மூன்றாம் வடிவம் வெளிவந்தது. அவ்வாண்டு அக்டோபர் 18ஆம் நாள், ஐம்பத்து நான்காம் வயதில், பினே பாரிஸில் காலமானார். விண்ணப்பித்தும் பேராசிரியர் பதவி அவருக்குத் தாய்நாட்டில் கடைசி வரை கிடைக்கவில்லை.

அளவுகோல் கைமாறியபோது

பினே மறைந்த மறு ஆண்டு, ஜெர்மன் அறிஞர் ஸ்டெர்ன் மனவயதை உண்மை வயதால் வகுக்கலாம் என்றார். அமெரிக்கரான டெர்மன் 1916இல் அந்த ஈவை நூறால் பெருக்கி வழங்கினார். எட்டு வயதுச் சிறுமியின் மனவயது பத்து என்றால், அவளது நுண்ணறிவு ஈவு 125. இன்று இப்படி வகுத்துக் காண்பதில்லை. அதே வயதினர் பலரோடு ஒப்பிட்டு, சராசரியை நூறு என வைத்துக் கணக்கிடுகின்றனர். இந்தியாவிலும் லாகூரில் பணியாற்றிய ரைஸ் என்பவர் பினேயின் சோதனைகளை நம் நாட்டுச் சிறுவருக்கு ஏற்றவாறு அமைத்து, 1929இல் நூலாக வெளியிட்டார்.

ஆனால் பினே அஞ்சியதும் நடந்தது. உதவி வேண்டியவரைக் கண்டறியச் செய்த கருவியை, மனிதரைத் தரம் பிரித்து ஒதுக்கும் கருவியாக அமெரிக்காவில் சிலர் மாற்றினர். குறைந்த எண் பெற்றவர்கள் பிறவியிலேயே தாழ்ந்தவர்கள் என்றும், அவர்களுக்கு மக்கட்பேறே கூடாது என்றும் வாதிட்டனர். வர்ஜீனியா மாநிலத்தில் கேரி பக் என்ற ஏழைப் பெண்ணின் மனவயது ஒன்பது என்று சோதனை சொல்லியது. தாயும் குறைவறிவினர், மகளும் குறைவறிவினர், கைக்குழந்தையான பேத்தியும் அப்படியே என்று முடிவு கட்டினர். 1927இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் கேரியின் தாய்மைப் பேற்றை அறுவைச் சிகிச்சையால் என்றைக்குமாக நீக்க அனுமதி அளித்தது. நீதிபதிகள் ஒன்பதின்மரில் எட்டுப் பேர் அதற்கு இசைந்தனர். இசையாது நின்றவர் ஒருவரே. அவர் கத்தோலிக்கரான பியர்ஸ் பட்லர்.

குறைவறிவுக் குழந்தை என்று முத்திரை குத்தப்பட்ட அந்தச் சிறுமி விவியன் என்ன ஆனாள்? பள்ளிக்குச் சென்றாள். சராசரி மாணவியாகவே படித்தாள். 1931இல் அவள் பெயர் பள்ளியின் சிறந்த மாணவர் பட்டியலிலும் இடம்பெற்றது. அடுத்த ஆண்டு நோயுற்று, எட்டு வயதிலேயே மறைந்தாள். அவளைப் பற்றிப் பெரியவர்கள் எழுதிய தீர்ப்பை அந்தச் சிறுமியின் மதிப்பெண் பட்டியலே பொய்யாக்கிவிட்டது.

நமக்கு உரிய பாடம்

தராசு பாவம் செய்யாது. அதைப் பிடிக்கும் கையே பாவமும் புண்ணியமும் செய்கிறது. ஒரே அளவுகோல் பினேயின் கையில் பின்தங்கிய பிள்ளைக்குக் கதவு திறந்தது. வேறு கைகளில் அதே கதவை அடைத்தது. பினே எண்ணைக் கண்டதும், இனி இந்தப் பிள்ளைக்கு என்ன செய்யலாம் என்று கேட்டார். மற்றவர்கள் எண்ணைக் கண்டதும், இனி இந்தப் பிள்ளைக்கு ஒன்றும் செய்வதற்கில்லை என்று எழுந்துவிட்டனர். வேறுபாடு அவ்வளவே.

பெற்றோர் பெருமக்களே! தேர்ச்சி அறிக்கையில் கையெழுத்திடும்போது, பக்கத்து வீட்டுப் பிள்ளையின் எண்ணோடு ஒப்பிடுமுன், உங்கள் மகள் எந்த இடத்தில் தடுமாறுகிறாள் என்று பாருங்கள். அவளுக்குப் பாடம் புரியவில்லையா, கவனம் சிதறுகிறதா, கரும்பலகை கண்ணுக்குத் தெரியவில்லையா, மனத்தில் ஏதேனும் துயரமா? ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. மக்கு என்ற சொல் இவற்றுள் எதற்குமே மருந்தாகாது. அதுவும் ஒரு கருத்தேற்றமே. நாள்தோறும் கேட்கும் பிள்ளை, இல்லாத நூலைக் கண்ட சிறுவர்களைப்போல, இல்லாத மந்தத்தைத் தன்னிடம் காணத் தொடங்கிவிடுவாள்.

மாணவியரே! உங்கள் வகுப்பில் கடைசி இருக்கையில் அமர்ந்து, விடை தெரிந்தும் கை தூக்க அஞ்சும் தோழி ஒருத்தி இருக்கக்கூடும். அவளோடு அமர்ந்து ஒரு கணக்கைப் பொறுமையாகச் சொல்லிக் கொடுங்கள். உங்களுக்கே ஒரு பாடம் வரவில்லையென்றால், எனக்கு இது வராது என்று சொல்லாதீர்கள். எனக்கு இது இன்னும் வரவில்லை என்று சொல்லிப் பழகுங்கள். ஒருநாளும் வராது என்று ஒருவர் தீர்ப்பிட்ட மாணவர்தாம் வளர்ந்து, உலகப் பள்ளிகளுக்கெல்லாம் குழந்தையின் மனத்தைப் படிக்கக் கற்றுக்கொடுத்தார். அவர் நினைவுக்கு நாம் செய்யக்கூடிய மரியாதை, அந்தச் சொல்லை நம் பள்ளியிலும் வீட்டிலும் எந்தப் பிள்ளைமீதும் சொல்லாதிருப்பதே ஆகும்.